தெருச் சேவலைத் தூக்கிக் கொடுத்த மகனுக்கு

தனபாலு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை, ஆனால் இன்றைக்கு அந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், நம் தெருவுக்கு எத்தனை தேவைப்படும் என்று கேட்டு நீ போட்ட கார்டு வந்து கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் உன்னைக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. நேரில் கேட்கலாம் என்றால் நீ வருவதில்லை. வந்தாலும் நான் ரயில்வே கேட்டில் டூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, உன் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம். கும்மிடிப்பூண்டி ரூமில் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகள் இதைப் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. சத்தம் போட்டே படி. கல்யாண மாப்பிள்ளைக்கு அவன் அப்பன் என்ன எழுதியிருக்கிறான் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா நாற்றுநடவுக்குப் போயிருந்தாள். மெயின் ரோட்டு வீட்டு மரியம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். தெருவில் பாதிப் பேர் இல்லை. பின்பக்கம் ரயில்வே வேலி ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த கோழிகளை நொய்யரிசி போட்டுக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் பிடித்து, இரண்டு கூடையில் அடைத்துக்கொண்டு மத்தியான பாசஞ்சரில் ஏறிப் போயிருக்கிறாய். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "நைனாகிட்ட சொல்லிட்டேன், எங்க போர்மேன் ஊட்ல விசேஷம்" என்று சொல்லியிருக்கிறாய். என்னிடம் எப்போது சொன்னாய்? கனவில் வந்து சொன்னாயா? நீ ஏறிப்போன அந்த வண்டிக்குக் கேட்டை மூடியவன் நான். பச்சைக் கொடி காட்டியவனும் நான்தான். என் வீட்டுக் கோழியை என் மகன் திருடிக்கொண்டு போகிறான், நான் கொடி காட்டி அனுப்பி வைத்திருக்கிறேன். இதைக் கேட்டுத் தெருவில் சிரிக்காதவர்கள் இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருடினாய் என்று எழுதியதற்கு உனக்குக் கோபம் வரும். நம் வீட்டுக் கோழியை நான் எடுத்தால் திருட்டா என்று கேட்பாய். நம் வீட்டுக் கோழி என்று உனக்கு யார் சொன்னது? சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது வாசலில் என்ன கிடந்தது தெரியுமா? துணிக் கிழிசல். சிவப்பு, நீலம், மஞ்சள். கோழிகளின் காலில் கட்டியிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டிருக்கிறாய். பெரிய மனிதர் வீட்டுக்குக் கொடுக்கும்போது காலில் கந்தல் தொங்கினால் அசிங்கம் என்று நினைத்தாய் போலிருக்கிறது. அந்த வீட்டில் பிறந்து, அந்த முட்டையைத் தின்று வளர்ந்தவனுக்கு அந்தத் துணி எதற்கு என்று தெரியாதா? தெரியும். உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அறுத்தாய் என்று நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

உனக்கு மறந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன், உன் ரூம் பிள்ளைகளும் கேட்கட்டும். சிவப்புத் துணி கட்டியது மரியம்மாவின் கோழி. அவள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. லாரிச் சக்கரத்துக்குக் கோழி தப்பாது. விடிந்தால் அவள் வயல் வேலைக்குப் போய்விடுவாள், குஞ்சை நாயிடமிருந்து யார் காப்பது? அதனால் நம்மிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்டிருக்கிறாள். கோழி அவளுடையது, காவலும் தீனியும் நம்முடையது, குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி. நீலத் துணியும் மஞ்சள் துணியும் கூட அப்படித்தான், தெருவில் வேறு வேறு வீட்டுக்காரர்களுடையவை. துணியே கட்டாதவைதான் நம்முடையவை. அவை நீ அள்ளிக்கொண்டு போனதில் பாதிகூட இல்லை. பத்திரம், சாட்சி எதுவும் இல்லாமல் ஒரு துணிக் கிழிசலை நம்பி ஏழைகள் தங்கள் பொருளை நம் வாசலில் விட்டிருந்தார்கள். அதை நீ கத்தரியால் அறுத்தாய்.

அடுத்தது அடைக்கோழி. மூலையில் உடைந்த பானையில் வைக்கோல் போட்டுக் கறுப்புக் கோழியை அடை வைத்திருந்தாள் உன் அம்மா. குஞ்சு பொரிக்கிற நாள் நெருங்கிவிட்டது. முட்டையைக் காதில் வைத்தால் உள்ளே கொத்துகிற சத்தம் கேட்கும் என்கிற நிலைமை. எந்த ஊரிலாவது அடையில் உட்கார்ந்த கோழியைத் தூக்குவார்களா? கறிக்கு ஆசைப்பட்டு அலைகிறவன்கூட அதைத் தொட மாட்டான். நாம் தின்பது வாலிபச் சேவல்களை. நன்றாக அடை உட்காருகிற கோழியை, பருந்து வந்தால் குஞ்சை இறக்கைக்குள் வாங்கிக்கொண்டு எதிர்த்து நிற்கிற கோழியை, கிழடாகி விழும் வரைக்கும் வைத்திருப்போம். அதன் வயிற்றில் வந்ததைத்தான் வளர்ப்போம். உன் அம்மா முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தன. தவிட்டைச் சூடாக்கி அதில் புதைத்து வைத்தாள். தன் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் குழி தோண்டிப் போட்டுவிட்டு வந்து, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பு மூட்டினாள். அவள் திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆறாதது அந்தச் சேவல். அதைப் பற்றி உனக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். நீ அரைஞாண் கயிற்றோடு ஓடிக்கொண்டிருந்த வயசில், அரிசிக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், ஒரு கோழி ஆபீசர் ஜீப்பில் நம் ஊருக்கு வந்தார். கம்பிக் கூண்டில் பனி மாதிரி வெள்ளைச் சேவல்கள். நாட்டுச் சேவலைக் கொடுங்கள், இந்தச் சேவலை வாங்கிக்கொள்ளுங்கள், இதற்குப் பிறக்கிற கோழி வருஷம் பூராவும் முட்டை போடும் என்றார். ஊரில் ஒரு நாட்டுச் சேவல்கூட இருக்கக் கூடாது, இருந்தால் இனம் கலந்துவிடும் என்றார். ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். மத்தியானம் அந்த ஆபீசருக்கு நம் தெருவில்தான் சாப்பாடு. கூண்டில் இருந்ததில் ஒன்றை அடிக்கலாமா என்று யாரோ விவரம் தெரியாமல் கேட்டதற்கு அவர் பதறிப் போனார். "அது வேணாம்பா. நாட்டுக்கோழியா பாத்து ஒண்ணு அடிச்சிடுங்க, மொளகு தூக்கலா போட்டு" என்றார்.

உன் அம்மாதான் பரிமாறினாள். அவர் எலும்பைக் கடித்து உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். "அவுரு துன்றது நாட்டுக்கோழி, நம்மள வளக்கச் சொல்றது வெள்ளக் கோழி. இது இன்னாங்க ஞாயம்?" என்றாள். நான், படித்த மனிதர் சொல்கிறார், நமக்கு என்ன தெரியும் என்றேன். அவள் உள்ளே போனாள். நம் சேவலை அழுக்குத் துணிக் கூடைக்குள் வைத்து மூடி, துவைக்கப் போகிறவள் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பி, பழவேற்காடு ஏரிக் கரையில் உன் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அங்கே அது இறால் தலையும் கருவாட்டுத் துண்டும் தின்று கொழுத்தது. உன் சித்தப்பா பார்க்கும்போதெல்லாம், இதை அடித்தால் குழம்பு வைக்கவே வேண்டாம், கருவாட்டு வாசனை தானாக வரும் என்று கேலி செய்வார்.

வெள்ளைச் சேவலுக்குப் பிறந்த கோழிகள் முட்டை போட்டன. இல்லை என்று சொல்ல மாட்டேன், பெரிய முட்டை, நிறைய முட்டை. ஆனால் எதுவும் அடை உட்காரவில்லை. முட்டை போட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முட்டை வருகிறதே என்று இருந்துவிட்டார்கள். கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. கழுத்தைத் திருகிக்கொண்டு கோழிகள் விழுந்தன. நாட்டுக்கோழியும்தான் செத்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் கழிச்சல் வந்து போனால் தப்பித்த ஒன்றிரண்டு கோழி அடை உட்கார்ந்து மறுபடியும் வாசலை நிறைத்துவிடும். இந்த முறை தப்பித்தவற்றுக்கு உட்காரவே தெரியவில்லை. ஆபீசரைத் தேடிப் போனால் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றார்கள். அப்போது மரியம்மா வீட்டில் மட்டும் ஒரு கிழட்டு நாட்டுக்கோழி பிழைத்திருந்தது. உன் அம்மா ஏரிக்கரைக்குப் போய்ச் சேவலைக் கூடையில் வைத்துத் திரும்பக் கொண்டு வந்தாள். அந்தக் கோழியும் அந்தச் சேவலும்தான் நம் தெருவுக்கு விதை. நீ பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் தின்ற அவித்த முட்டை எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். நீ தூக்கிக்கொண்டு போன செவலைச் சேவல் அந்த வம்சம். இந்தக் கோடையில் வந்த கழிச்சலில் மற்ற தெருக்களில் சேவலே மிஞ்சவில்லை. அங்கிருந்தெல்லாம் பொட்டைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம் வாசலுக்குத்தான் வருகிறார்கள். அதைத் தெருச் சேவல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், உன் நைனாவின் சேவல் என்று யாரும் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு ரெஸ்ட். உன்னிடம் சொல்லாமல் உன் போர்மேன் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். நீ கம்பெனியில் இருந்தாய். அவருக்கு நைட் ஷிப்ட், வீட்டில்தான் இருந்தார். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். "தனபாலு நைனாவா! வாங்க, வாங்க. நாஷ்டா துன்னீங்களா? உங்க புள்ள குடுத்த கோழி ஏ ஒன்னு. எங்க ஊட்ல பண்ணக் கோழிய யாரும் வாயில வைக்க மாட்டாங்க. பஞ்சு மாரி கீது" என்றார். எனக்கு அந்த ஆபீசர் எலும்பு உறிஞ்சிய சத்தம் காதில் கேட்டது. இந்த நாட்டில் அதிகாரத்தில் இருப்பவன் எவனுக்கும் நாம் வளர்க்கிற கோழி வேண்டும், நாம் அதை வளர்ப்பதுதான் வேண்டாம். கோழிகள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். பொட்டைக்கோழிகளை ஞாயிறே அடித்துவிட்டார்களாம். ஆபீசில் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கும் கொடுத்து அனுப்பினார்களாம். கறுப்புக் கோழியும் அதில்தான் போனது. மரியம்மாவின் சிவப்புத் துணிக் கோழியும் அதில்தான்.

சேவல் மட்டும் இருந்தது. கொல்லையில் அடிபம்பு ஓரமாகக் காலில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். ஆடி மாசம் முதல் ஞாயிறு அம்மனுக்கு என்று நேர்ந்து வைத்திருக்கிறார்களாம். நான் எழுந்து நின்று, "அது தெருவுக்குச் சேவலுங்க. ஒரு ஊட்டுது இல்ல. பையன் தெரியாம எடுத்தாந்துட்டான். அத மட்டும் குடுத்தீங்கன்னா, வேற சேவலு எங்கனா பாத்து வாங்கியாந்து தர்றேன்" என்றேன். அவர் சிரித்தார். "குடுத்த பொருள திருப்பிக் கேக்கறதுக்கு நைனாவ அனுச்சிகிறானா உங்க புள்ள? பர்மனென்டுக்கு இந்த வாரந்தான் பேரு எழுதி அனுப்பப் போறேன். எத்தினி பேரு காத்துக்கினு கிறானுங்க தெரியுமா பெரியவரே? சேவலுதான் முக்கியம்னா அவுத்துக்கினு போங்க. நான் வேணாங்கல" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

நான் பம்பு ஓரம் போனேன். சேவல் என் காலடிக்கு வந்தது. தீனி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும். கயிறு இறுகித் தோல் உரிந்திருந்தது. அவிழ்த்தேன். அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உனக்கு ஆவணியில் கல்யாணம். பெண் வீட்டில், மாப்பிள்ளை இன்னும் டெம்பரரியா என்று உன் அம்மாவைப் போன மாசம்தான் கேட்டிருந்தார்கள். எல்லாம் நினைப்பு வந்தது. பிறகு கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, நோகாமல் திரும்பக் கட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கட்டியது நான், தனபாலு. உன் போர்மேன் கட்டவில்லை, நீ கட்டவில்லை, நானே என் கையால் கட்டினேன். இத்தனை வருஷம் ஒருத்தர் பொருளுக்கு ஆசைப்படாமல் இருந்தவனை, ஒரு காலைப் பொழுதில் உன்னோடு சேர்த்துவிட்டாய். உன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் பெரிய பங்கு இதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்தால் மரியம்மா வாசலில் காத்திருக்கிறாள். "இன்னாண்ணே ஆச்சு? சேவலு கீதா?" என்றாள். கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னால், தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவளே கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பிவிடுவாள். அவளை உனக்குத் தெரியும். அதனால், "அடிச்சிட்டாங்கம்மா" என்றேன். அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். பிறகு, "போவட்டும் வுடுண்ணே. தம்பி கல்யாணத்த வச்சிக்கினு இதுக்கு ஒரு பேஜாரு வேணாம். மொதல்ல அவுனுக்கு வேல நெலைக்கட்டும். கோழி இன்னா, பாத்துக்கலாம்" என்றாள். உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்கு என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. இன்று வரைக்கும் வேண்டியதற்கு மேல் பேசுவதில்லை. சாகாத சேவலுக்காக மரியம்மா வருத்தப்படுகிறாள், உயிரோடு இருக்கிற சேவலை விட்டுவிட்டு வந்த நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பீடி பிடிக்கிறேன். இப்படி ஒரு நிலைமையில் எங்களை வைத்துவிட்டுப் பத்திரிகை எத்தனை வேண்டும் என்று கேட்கிறாய்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். வேலைக்காகத்தானே செய்தேன், என் ஒருத்தனுக்காகவா, குடும்பத்துக்காகத்தானே என்பாய். உன்னைக் கோழி கொடுக்கிற நிலைமையில் வைத்திருக்கிறார்களே, அவர்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நாள் பூராவும் இரும்புத் தூசியில் நின்று வேலை செய்கிறவன், செய்கிற வேலைக்காக நிரந்தரமாக வேண்டும். கோழிக்கறிக்காக நிரந்தரமாகக் கூடாது. அதை எதிர்த்து உன்னால் பேச முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். துணி கட்டாத கோழி அத்தனையையும் நானே பிடித்துக் கொடுத்திருப்பேன், மனசு வலித்தாலும் கொடுத்திருப்பேன். மரியம்மாவிடம் கேட்டிருந்தால் அவளும் கொடுத்திருப்பாள், உன்னைத் தூக்கி வளர்த்தவள். நீ கேட்கவில்லை. கேட்டால் பெரிய மனுஷன் கெத்து போய்விடும். பெல்பாட்டமும் டெரிலின் சட்டையும் போட்டுக்கொண்டு, கந்தல் கட்டிய கோழிக்காக ஒரு கூலிக்காரி வாசலில் போய் நிற்பதா என்று நினைத்தாய். நாளைக்கு ஒரு பெண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னை நம்பி வரப்போகிறாள். அவள் பெட்டியையும் கேட்காமல் திறப்பாயா? இதை உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று உன்னுடைய இன்னொரு கார்டு வந்தது. ஆர்டர் கையில் கொடுத்துவிட்டார்கள், பர்மனென்ட் ஆகிவிட்டது, தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சந்தோஷமா வேறா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதை மறைக்கத் தெரியவில்லை. ஆனால் தெருவில் ஒருத்தருக்கும் இன்னும் சொல்லவில்லை. காலையில் மரியம்மா தண்ணீர் எடுக்க வந்தவள், "தம்பி வேல இன்னாச்சுண்ணே?" என்று கேட்டாள். இன்னும் ஆகவில்லை என்று தலையாட்டிவிட்டேன். "ஆவும், ஆவும். சாமிகிட்ட சொல்லிக்கினேதான் கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பயந்தது உன் வேலைக்காக. இப்போது வேலை உன் கைக்கு வந்துவிட்டது. இனிமேல் உனக்குச் சாக்கு இல்லை, எனக்கும் இல்லை. ஆடி பிறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் உன் போர்மேன் வீட்டுக்குப் போ. அது என் பொருள் இல்லை, தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கேள். கெஞ்சிக் கேட்பாயோ அதட்டிக் கேட்பாயோ, அது உன் பாடு. அதைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சரில் ஏறி வா. என் கேட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக அதைக் காட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டேஷனில் இறங்கி நம் வீட்டுக்கு வராதே. நேராக மரியம்மா வாசலுக்குப் போய் அதை அவள் கையில் கொடுத்து, நைனா பொய் சொன்னார், எனக்காகச் சொன்னார் என்று நீ சொல்ல வேண்டும். நான் இரண்டு முறை சொல்லப் போய் வாய் வராமல் திரும்பிவிட்டேன். சேவலைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களா, வெறுங்கையோடு போய் நின்று அதையே சொல். அவள் என்ன திட்டினாலும் நின்று கேட்டுக்கொள். அதற்கப்புறம் வேலை கிடைத்துவிட்டது என்று முதலில் அவளிடம் சொல். அவள் வாயால் தெருவுக்குத் தெரியட்டும். பத்திரிகை எத்தனை அடிப்பது என்பதை அன்றைக்குச் சொல்கிறேன்.

உன் நைனா